நாளைய எண்

அத்தியாயம் 11

அம்மா தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டு மூச்சு வாங்க உட்கார்ந்த இடத்தில் போன வாரம் விட்டிருந்தோம். சின்னவனுக்குப் பெரிய பேஸ்பால் டீமிலிருந்து அழைப்பு வந்துவிட்டது, சனிக்கிழமை காலை செலக்‌ஷன், ஒரே ஒரு பிட்சரைத்தான் எடுப்பார்கள், அது நம் வீட்டுப் பிள்ளைதான் என்று அவள் அடித்துச் சொன்னதைப் பால் கடைக்காரரிலிருந்து பூட்டுச் சாவிக்காரர் வரை எல்லோரும் கேட்டாயிற்று. கேட்காதவள் ஒருத்திதான். அவள் அந்த வீட்டுப் பெரியவள், சின்னவனின் அக்கா.

கேட்காதவள் என்றால் நேராகக் கேட்காதவள். அம்மா மாப்பிள்ளைக்குப் போன் செய்து சொன்னாள். மாப்பிள்ளை சாப்பிடும்போது அவளிடம் சொல்லிவிட்டு முகத்தைப் பார்த்தார். அவள் தண்ணீர் ஜாடியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

அக்காவும் தம்பியும் பேசி எட்டு மாதம் ஆகிறது. ஏன் என்பதைப் புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக இன்னொரு தரம் சொல்லிவிடுகிறேன். பழைய வாசகர்கள் இந்த இடத்தில் எழுந்து போய் ஒரு டீ போட்டுக்கொண்டு வரலாம்.

பெரியவள் வேலை பார்ப்பது கம்ப்யூட்டர் விளையாட்டு தயாரிக்கும் கம்பெனி ஒன்றில். பேஸ்பால் விளையாட்டு. பட்டனைத் தட்டிப் பந்தை அடிக்கிற சமாசாரமெல்லாம் அதில் கிடையாது. ஆடுகிறவர் ஒரு டீமுக்கு முதலாளி. யாரை வாங்குவது, யாரைத் தள்ளிவிடுவது, எந்தப் பையனை எத்தனை வருடம் காத்திருந்து வளர்ப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்வதுதான் ஆட்டம். நிஜ மைதானங்களில் ஆடுகிற இளைஞர்கள் அத்தனை பேரும் அதற்குள் இருப்பார்கள். ஒவ்வொருவனுக்கும் இருபதிலிருந்து எண்பதுக்குள் இரண்டு எண்கள். இன்றைக்கு அவன் எவ்வளவு தேறுவான் என்பது ஒன்று. முழுசாக வளர்ந்து நிற்கும்போது எவ்வளவு தேறுவான் என்பது இன்னொன்று. முதல் எண்ணை யார் வேண்டுமானாலும் போட்டுவிடலாம். இரண்டாவதற்கு ஆபீசில் 'நாளைய எண்' என்று பெயர். அதைப் போடுவதுதான் பெரியவளுக்குப் பிழைப்பு.

சும்மா இல்லை அந்தப் பிழைப்பு. எங்கேயோ உட்கார்ந்து இதை ஆடும் ஒரு மனிதர், மூன்று ஆட்டப் பருவம் பொத்திப் பொத்தி வளர்த்த பையனின் எண்ணை அவள் இறக்கிவிட்டாள் என்பதற்காக, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி எழுதி அனுப்புவார். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஆட்டம் என்றால் ஆத்திரம் இருக்கத்தான் செய்யும்.

போன வருடம் சின்னவனுக்கு அவள் போட்ட நாளைய எண் நாற்பத்தைந்து. அதாவது பெரிய டீமில் பெஞ்சில் உட்காரலாம், யாருக்காவது காய்ச்சல் வந்தால் ஆடலாம். மற்ற வீட்டுப் பிள்ளைகளை எந்தக் கண்ணால் பார்த்தாளோ அதே கண்ணால்தான் அவனையும் பார்த்தாள். ஊரான் போட்டிருந்தால் வலித்திருக்காது என்று அவன் ஒரே ஒரு வார்த்தை சொன்னான். அதற்கப்புறம் அவள் அம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவன் மைதானத்தில் இருப்பான். அவளும் மைதானத்துப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இரண்டு பேருக்கும் வீம்பில் மட்டும் யாரும் குறை வைக்கவில்லை.

இந்த விஷயம் ஆபீசிலும் கசிந்தது. பிடித்தவன், பிடிக்காதவன், சொந்தம், பகை என்ற பேச்சே வேண்டாம் என்று கம்பெனி ஒரு புது முறை கொண்டுவந்தது. வீடியோவில் பையன்களின் முகம், சட்டை நிறம், டீம் பெயர் எல்லாவற்றையும் அழித்து, வெறும் கறுப்பு உருவமாக ஆக்கித்தான் கொடுப்பார்கள். உயரத்தைக்கூட ஒரே மட்டமாக்கிவிடுவார்கள். எண்ணையும் குறிப்பையும் எழுதி மூடின பிறகுதான் அவன் யார் என்று தெரியும்.

இனி, அந்த வெள்ளிக்கிழமை.

*

புதுப் பருவத்துக்கான எண்கள் அன்று சாயங்காலம் வெளியாக வேண்டும். ஆபீசில் யாரும் யாரோடும் பேசவில்லை. ஏ.சி. ஓடுகிற சத்தமும், யாரோ பிஸ்கெட் உறையைத் திருட்டுத்தனமாகப் பிரிக்கிற சத்தமும்தான். பெரியவளுக்கு மிச்சம் இருந்தது பிட்சர்கள் மட்டும். பிட்சர் என்றால் மைதானத்து நடுவில் மேட்டில் நின்று பந்து வீசுகிறவன். இந்த விளையாட்டில் முக்கால்வாசித் தலைவலி அவனால் வருவதுதான்.

அந்த உருவம் காலையில் கடைசியாக வந்தது. பக்கத்தில் கம்ப்யூட்டரே போட்ட கணக்கு இருந்தது: நாளைய எண் அறுபத்திரண்டு. அறுபத்திரண்டு என்றால் சாதாரணம் இல்லை. சமீபத்திய மேட்ச்களில் அவனை எவனும் ஒழுங்காக அடிக்கவில்லை, அதனால் கம்ப்யூட்டர் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். யாரை அவுட் ஆக்கினான் என்று பார்க்கும். எப்படி ஆக்கினான் என்று பார்க்காது.

எப்படி என்று பார்ப்பதற்குத்தான் பெரியவளுக்குச் சம்பளம். அவள் வழக்கப்படி நல்ல மேட்ச்களை ஒதுக்கிவிட்டு, அவன் உதை வாங்கின மேட்ச் ஒன்றை எடுத்தாள். ஒரு பையனின் நாளையைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் அவன் அடிவாங்கின பிறகு வீசும் அடுத்த பந்தைப் பார்க்க வேண்டும் என்பது அவள் கட்சி. சிலர் கோபத்தில் வேகத்தைக் கூட்டுவார்கள். சிலர் பயத்தில் குறைப்பார்கள். வளரப்போகிறவன் போன பந்தையே வீசுவான், கொஞ்சம் சரியாக.

இந்த உருவம் மூன்றையும் செய்யவில்லை. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நேரம் கடத்தியது. குனிந்து ஷூ லேஸைத் தொட்டது. மேட்டு மண்ணைக் காலால் தள்ளியது. பிறகு வீசியது, ஆனால் முழங்கை தோளுக்குக் கீழே இருந்தது. அவள் வீடியோவைப் பின்னால் ஓட்டினாள். பருவத் தொடக்கத்தில் அதே உருவத்தின் முழங்கை கொஞ்சம் மேலே இருந்தது. அப்போதே சரியில்லை, பிறகு மேட்சுக்கு மேட்ச் இறங்கிக்கொண்டே வந்திருந்தது. கை இறங்கினதால் பந்து ஒரு புதுக் கோணத்திலிருந்து வந்தது, அடிப்பவர்கள் தடுமாறினார்கள், அதைத்தான் கம்ப்யூட்டர் திறமை என்று எடுத்துக்கொண்டது. வீசி முடித்ததும் கை முழுசாகச் சுழன்று வராமல் பாதியில் நின்றது. எதிரே உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர் திருப்பிப் போட்டதை அவன் ஒரு தடவைகூட எட்டிப் பிடிக்கவில்லை. நெஞ்சுக்கு நேராக வந்தால்தான் பிடித்தான்.

அவளுக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது. கோச் என்று ஒருத்தன் இருப்பானே, அவனுக்குக் கண் இல்லையா என்று நினைத்தாள். நினைத்துவிட்டு எண் போட்டாள்: முப்பத்தைந்து. காயத்துக்கு வாய்ப்பு: மிக அதிகம். குறிப்பில் எழுதினாள்: 'தோள் போய்க்கொண்டிருக்கிறது. பையன் மறைக்கிறான். ஒரு பருவம் தாங்காது.' எழுதி மூடினாள். ஒரு வேலை முடிந்த நிம்மதியோடு டீ எடுத்துவரப் போனாள்.

திரும்பி வந்தபோது ஸ்கிரீனில் பெயர் வந்திருந்தது.

அவள் உட்காராமல் நின்றுகொண்டே படித்தாள். பிறகு ஊர், பிறந்த தேதி, அப்பா பெயர் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள், ஏதோ அந்தப் பெயரில் இன்னொருவன் இருந்துவிட மாட்டானா என்பது போல. இல்லை. அப்பா பெயர் அவளுடைய அப்பா பெயர்தான்.

*

அவள் பிரிவின் தலைவருக்கு ஆபீசில் தராசு என்று பட்டப்பெயர். எதையும் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று நிறுத்துத்தான் பேசுவார். கம்ப்யூட்டர் அறுபத்திரண்டு சொல்லி, ஆள் முப்பத்தைந்து போட்டால் அவருக்குத் தானாகவே தகவல் போய்விடும். வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வீடியோவை ஒரு தரம் பார்த்துவிட்டு, முழங்கை விஷயம் அவள் சொன்னது சரிதான் என்றார். பிறகு பெயரைப் பார்த்தார்.

"உங்க தம்பியா?"

"ஆமா சார்."

தராசு வீடியோவை மூடினார். பிறகு நிறுத்துப் பேசினார். சொந்தக்காரனுக்கு அவள் எண் போடக்கூடாது என்பது புது முறையோடு வந்த விதி. தெரியாமல் போட்டதால் தப்பில்லை, அந்த எண் அப்படியே நிற்கலாம். ஆனால் தெரிந்த பிறகு அவள் ஒதுங்கிக்கொள்ளலாம், அதிலும் தப்பில்லை. ஒதுங்கினால் வேறொருத்தர் அவசரத்தில் பார்ப்பார், கம்ப்யூட்டர் கணக்கை ஒட்டி ஐம்பத்தைந்து, அறுபது என்று ஏதாவது போடுவார், காயம் பற்றி வாயைத் திறக்க மாட்டார். பெரிய டீம்காரர்கள் நம் எண்களைப் பார்ப்பதே இல்லை என்று மேடையில் சொல்வார்கள், ஆனால் வெளியான மறு நிமிடமே முதலில் திறந்து பார்ப்பவர்கள் அவர்கள்தான் என்பது அவளுக்கும் தெரியும். இதையெல்லாம் சொல்லிவிட்டு, சாயங்காலத்துக்குள் முடிவைச் சொல்லச் சொன்னார்.

பெரியவள் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

கணக்கு ரொம்ப எளிது. முப்பத்தைந்தும் காயக் குறிப்பும் இன்று வெளியானால் நாளை அவனை மேட்டில் ஏற்றவே மாட்டார்கள். வெளியாகாவிட்டால் நாளை அவன் அந்தத் தோளோடு உயிரைக் கொடுத்து வீசுவான். தோள் வலியை மறைத்து வீசின பையன்களின் வீடியோ அடுத்த வருடம் அவளுக்கு வந்ததே இல்லை. அடுத்த வருடம் அவர்கள் ஆடுவதில்லை.

*

முதலில் அம்மா வீட்டுக்குத்தான் போனாள். அம்மாவுக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை, வெள்ளிக்கிழமை விடுமுறை. ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு வீட்டுக்கு யார் யாரோ வரப்போகிறார்கள் என்ற ஏற்பாடு அது.

வேலை நாளில் மகள் வந்து நிற்கிறாளே என்று அம்மா ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. உடம்புக்கு ஏதாவதா, மாப்பிள்ளையோடு ஏதாவதா என்று கேட்டாள். இரண்டும் இல்லை என்றதும் திரும்பவும் கம்பியைத் துடைத்தாள். சின்னவன் எங்கே என்றால் கிரவுண்டில் என்றாள். எப்படி இருக்கிறான் என்றதற்குத்தான் திரும்பிப் பார்த்தாள்.

"அவனுக்கு என்னடி, கல்லு மாதிரி இருக்கான். நீ கண்ணு வைக்காம இருந்தா சரி."

"கை கால் எங்கயாவது வலிக்குதுன்னு சொன்னானா?"

"விளையாடுற பிள்ளைக்கு வலிக்காதா? உனக்குக்கூடத்தான் நாள் பூரா உட்கார்ந்து முதுகு வலிக்குது. நீ வேலையை விட்டுட்டியா?"

பதில் பிடிகொடுக்காமல்தான் வந்தது. ஆனால் அம்மாவின் பதில்கள் என்றைக்குமே அப்படித்தான். பெரியவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த வருடம் உங்கள் ஆபீசில் அவனுக்கு எவ்வளவு என்று அம்மா கேட்டாள். சாயங்காலம் தெரியும் என்றாள் மகள். அம்மா துணியைப் பிழிந்து வாளி விளிம்பில் போட்டாள். நாளைக்கு நீ வராமல் இருந்தால்தான் நல்லது, உன்னைப் பார்த்தால் அவனுக்குக் கை ஓடாது என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். சிரித்துக்கொண்டு சொன்னதுதான் கூடுதலாகக் குத்தியது.

*

மைதானத்தின் பின்பக்கம் வலை கட்டின ஒரு ஒதுக்கில் சின்னவன் தனியாக இருந்தான். இருபத்தொரு வயது, கழி மாதிரி உடம்பு. வீசி முடித்துவிட்டான் போல. சிதறிக் கிடந்த பந்துகளைப் பொறுக்கி வாளியில் போட்டுக்கொண்டிருந்தான். இடது கையால்.

அக்காவைப் பார்த்ததும் நிமிர்ந்தான். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. எட்டு மாதத்து வீம்பு அவ்வளவு சீக்கிரம் இறங்குமா.

"எவ்வளவு?" என்றான். வேறு எதற்கு அவள் வந்திருப்பாள்.

"முப்பத்தஞ்சு."

அவன் ஒரு பந்தை வாளியில் போட்டான். "வருஷத்துக்குப் பத்து குறையுது. பரவாயில்லை, இருபதுக்குக் கீழ போக முடியாதுல்ல."

"நீன்னு தெரியாமத்தான்டா போட்டேன். இப்ப முகத்தை எல்லாம் மறைச்சுத்தான் கொடுக்கறாங்க."

"முகம் தெரியாது. சரி. நான் வீசறதைப் பார்த்துமா தெரியல?"

அவள் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தெரியவில்லை என்றாள்.

அதற்குத்தான் அவன் உட்கார்ந்துவிட்டான். எண்ணுக்கு அசராதவன், இதற்கு வாளியைத் தள்ளி வைத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தான். மொட்டை மாடியில் சுவரில் மெத்தையைச் சாய்த்து வைத்து அவன் வீசிப் பழகின நாட்களில், பந்து பொறுக்கிப் போட்டவள் அவள்தான். கூட்டத்தில் நூறு பேர் வீசினாலும் இது அவன் கை என்று சொல்லக்கூடியவள். அவளுக்கே தெரியவில்லை என்றால் தான் எவ்வளவு தூரம் போய்விட்டோம் என்று அவன் யோசித்திருக்க வேண்டும். அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை.

"முழங்கை இறங்கிடுச்சுடா," என்றாள்.

"தெரியும்."

"எப்போலேர்ந்து வலிக்குது?"

மழை விட்டதிலிருந்து என்றான். முதலில் மேட்ச் முடிந்த பிறகு வலித்தது, பிறகு மேட்ச் நடுவில், இப்போது தூங்கும்போதும். கையை இறக்கி வீசினால் வலி குறைந்தது. கூடவே எல்லோரும் அவுட் ஆனார்கள். கோச் முதுகில் தட்டினார். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது யார் வாயைத் திறப்பார்கள் என்று கேட்டான். கேட்பது நியாயமாகத்தான் இருந்தது.

அவளும் ஆபீசில் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். ஒதுங்கிக்கொண்டால் வேறொருத்தர் போடுவார், காயக் குறிப்பு போய்விடும் என்பதையும் சொன்னாள். அவன் காது கொடுத்துக் கேட்டான்.

"அப்ப ஒதுங்கிக்கோ அக்கா." எட்டு மாதத்தில் முதல் தடவையாக அக்கா என்றான். "நாளைக்கு ஒரு நாள்தான். அதுக்கப்புறம் நானே டாக்டர்கிட்ட போறேன். நீ பொய் சொல்ல வேண்டாம், உங்க ஆபீஸ் ரூல்தானே அது."

உண்மைதான். பொய்யில்லை. யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்ல முடியாது. அவன் எடுக்கப்பட்டால் இந்த எட்டு மாதமும் ஒன்றுமே இல்லாமல் போய்விடும், அடுத்த விடுமுறைக்கு எல்லோரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடலாம். அவளுக்கு அது வேண்டியிருந்தது, ரொம்ப வேண்டியிருந்தது. பயமும் அதே அளவுக்கு இருந்தது.

போன் அடித்தது. தராசு. நேரமாகிறது, என்ன முடிவு என்று கேட்டார். சின்னவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என் பேர்லயே போகட்டும் சார்," என்றாள். "எழுதினப்போ அது யாருன்னு எனக்குத் தெரியாது. இப்பத் தெரிஞ்சதால தோள் சரியாகிடாது."

காயக் குறிப்புமா என்று தராசு கேட்டார். அதுவும்தான் என்றாள். சரி என்று வைத்துவிட்டார். அவர் குரல் எந்தப் பக்கமும் சாயவில்லை.

அவன் கத்துவான், வாளியை உதைப்பான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் எழுந்து மிச்சப் பந்துகளைப் பொறுக்கினான். அவளும் குனிந்து பொறுக்கினாள். நாளைக்கு மேட்டில் ஏற்ற மாட்டார்கள் என்றான் அவன். தெரியும் என்றாள். கடைசிப் பந்து வலைக்கு அடியில் சிக்கியிருந்தது, அவள்தான் எடுத்துப் போட்டாள்.

உடை மாற்றிக்கொள்ள அவன் பெஞ்சுப் பக்கம் போனான். வியர்வையில் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. இடது கையால் கீழ் விளிம்பைப் பிடித்துத் தூக்கினான். வலது கை கூடவே எழும்ப மறுத்தது. இன்னொரு தரம் முயன்றான். சட்டை பாதியில் சிக்கிக்கொண்டு, தலை உள்ளே மாட்டிக்கொண்டு, அப்படியே அசையாமல் நின்றான்.

அவள் போய்ப் பிடித்தாள். இடது கையை முதலில் உருவினாள், பிறகு தலை, பிறகு வலது கை வழியாக மெதுவாகக் கீழே இறக்கினாள். வலது தோளிலிருந்து முதுகு வரை பட்டையாக பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. சுருக்கம் இல்லாமல், ஓரங்களை வளைவாக வெட்டி, ரொம்ப நேர்த்தியாக ஒட்டியிருந்தது. தன் முதுகில் தானே ஒருவன் அப்படி ஒட்டிக்கொள்ள முடியாது.

"தினம் இதை யாருடா ஒட்டி விடறா?"

அவன் தரையைப் பார்த்தான்.

"அம்மா," என்றான். "சட்டையும் அவங்கதான் கழட்டி விடுவாங்க."